கட்டினவன் வந்து மாத்தட்டும்

கேட்டுருங்க தம்பி. கோவில்பட்டியில ஏறுனதுலேருந்து பாக்கேன், உங்க கண்ணு என் கையிலயே இருக்கு. இந்த ஆளு எதுக்கு வலது கையில வாட்ச் கட்டியிருக்கான்னு கேக்கணும், தெரியாத மனுசன்ட்ட எப்படிக் கேக்கன்னு யோசிக்கீங்க. கேக்கலாம், தப்பில்ல. எல்லாரும் கேப்பாங்க. கல்யாண வீட்டுல கேப்பாங்க, சாவு வீட்டுல கேப்பாங்க. எங்க ஐயா செத்தன்னைக்கு ஈர வேட்டியோட கொள்ளிச் சட்டியத் தூக்கிட்டு நிக்கேன், பின்னாலருந்து ஒருத்தன், "அது என்னவே வலது கையில வாட்ச்"ங்கான். நான் கொள்ளியப் பாப்பனா, அவனுக்குப் பதில் சொல்லுவனா.

இடது கைப் பழக்கமான்னுதான் மொதல்ல கேப்பாங்க. கெடையாது. எழுதுறது வலது, திங்கிறது வலது, பல்லு வெளக்குறது வலது. அடிக்கிறதுன்னாலும் வலதுதான். யாரையும் அடிச்சதில்ல, அடிச்சா வலதாத்தான் இருக்கும். சோத்துக் கையில வாட்ச் கட்டிட்டு ரசம் சாப்பிட்டிருக்கீங்களா? சாப்பிட்டுப் பாருங்க. மணிக்கட்டுல வழிஞ்சு வாட்ச் வாருக்குள்ள போயிரும். பெறகு நீங்க எங்க போனாலும் பெருங்காயம் உங்களுக்கு முன்னால போகும்.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, அரக்குச் சேலை, மடியில பை வச்சிருக்கா பாருங்க. அவதான் என் வீட்டுக்காரி. செண்பகம். அவளுக்குப் பொறந்த ஊரு கோவில்பட்டி. ஆவணியில எங்க பொண்ணு ரேணுவுக்குக் கல்யாணம். அதுக்குத் தாய்மாமன அழைக்கத்தான் போயிட்டு வாறோம். எங்க பக்கம் தாய்மாமன் இல்லாம பொண்ணு மணவறை ஏறாது. பத்திரிகையில அவன் பேரு போடணும், மேடைக்குக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது அவன்தான். அப்பேர்ப்பட்ட தாய்மாமன், ரேணு பொறந்ததுலேருந்து எங்க வீட்டுப் படிய மிதிச்சதில்ல. அவனுக்கு மருமக மொகமே தெரியாது. எல்லாம் இந்த வாட்சால.

சொல்லுதேன். திருநெல்வேலி போற வரைக்கும் வேற என்ன வேலை நமக்கு.

கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் நான் ஒவ்வொரு காரணம் சொல்லி வச்சிருக்கேன். அம்பாசமுத்திரத்துல ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல நிக்கேன். சேலைய விரிச்சு, வலது கையாலதான் நீவிக் காட்டணும். வாட்ச் கொக்கி சரிகையில மாட்டிரும். ஒரு நாள் முகூர்த்தப் பட்டு, முந்தானையில நூலு வெளிய வந்துட்டு. முதலாளி கூப்பிட்டாரு. "கைலாசம், இடது கைக்கு மாத்தும், இல்லன்னா கழட்டி வையும்"னாரு. முதலாளி, எனக்கு அஷ்டமத்துச் சனி நடக்கு, சனி போற வரைக்கும் வலது கையிலதான் கட்டணும்னு ஜோசியர் சொல்லிட்டாருன்னேன். அவரு சனிக்கு மட்டும் பயப்படுவாரு, அதுக்கு மேல பேசல. அந்தச் சனி ரெண்டரை வருசத்துல போயிரணும். எனக்கு இன்னும் நடக்கு. இப்பல்லாம் சேலை விரிக்கும்போது வாட்ச் மேல கைக்குட்டையச் சுத்திக்கிடுவேன். வார பொம்பளைங்க கையில காயம்னு நெனைச்சு, பாவம்னு ரெண்டு சேலை கூட எடுப்பாங்க.

கோயில்ல பிரதோஷக் கமிட்டித் தலைவர் கேட்டாரு. பெரிய மனுசன், அவர்ட்டப் போயி சனின்னா கோயில்லயே பரிகாரம் பண்ணச் சொல்லிருவாரு. அவருக்கு வேற சொன்னேன். ஐயா, காலம்ங்கிறது காலபைரவர்லா. அவரக் கொண்டுபோயி, காலைல நாம கழுவுற கையிலயா கட்டுறதுன்னேன். மனுசன் ஆடிப்போயிட்டாரு. அடுத்த பிரதோசத்துக்கு அவரு கையில வாட்ச் வலது பக்கம் போயிட்டு. அதுக்கடுத்த பிரதோசத்துக்குக் கமிட்டியில பாதிப்பேரு. இப்பம் அங்க புதுசா வாரவன் இடது கையில கட்டியிருந்தா கூப்பிட்டு புத்தி சொல்லுதாங்க. என் வாட்ச் ஆரம்பிச்சு வச்ச பக்தி தம்பி அது.

ரேணுவும் கேட்டா. சின்னப்புள்ளையில, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், ரோட்டைக் கடக்கோம். "எப்பா, எல்லா அப்பாவும் அந்தக் கையிலதான கட்டியிருக்காங்க, நீ ஏம்பா இந்தக் கையில"ன்னா. அவகிட்ட சனியும் சொல்ல முடியாது, பைரவரும் சொல்ல முடியாது. உன்ன நான் இடது கையாலதான் பிடிச்சுட்டுப் போறேன், அந்தக் கையில வாட்ச் இருந்தா உனக்கு உறுத்தும்லா, அதான்னேன். அவ என் இடது கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பெறகு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. பள்ளிக்கூடத்துல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கா. டீச்சர் என்னைப் பாத்தா சிரிப்பாங்க, எதுக்குச் சிரிக்காங்கன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியல.

இதுல ஒண்ணுகூட நெசமில்ல. நெசம் எங்க கல்யாணத்துல இருக்கு.

எங்க வழக்கத்துல மாப்ள அழைப்பன்னைக்கு மச்சினன்தான் மாப்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, வாட்ச் கட்டி விடணும். செண்பகத்துக்கு ஒரே தம்பி, பூவநாதன். அப்பம் காலேஜு படிச்சுட்டு இருக்கான். பென்சில் மாதிரி இருப்பான். மாலை போட்டான், சரி. மோதிரம் போட்டான், சரி. வாட்ச எடுத்தான். நல்ல வாட்ச், சாவி குடுக்கிறது, இதேதான். நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கேன். அவன் என் கையப் பிடிச்சுக் கொக்கிய மாட்டிட்டு நிமிந்து பாக்கான். பாத்தா வலது கை.

எங்க பெரியப்பா மவன் ஒருத்தன் உண்டு, வாய் அவனுக்குச் சும்மா இருக்காது. "மாப்ளைக்குப் பீச்சாங்கைப் பழக்கம்னு பொண்ணு வீட்டுல விசாரிச்சு வச்சிருக்காங்க போல"ன்னுட்டான். அம்புட்டுத்தான். மண்டபமே சிரிக்கு. நாயனக்காரன் சிரிச்சதுல நாயனத்துல காத்து வரல. போட்டோக்காரன் வேற, "சார், மச்சான் தப்பாக் கட்டிட்டாரு, கைய மாத்துங்க, திரும்ப எடுத்துக்குறேன்"ங்கான். பூவநாதன் மொகம் செவந்து போச்சு. விறுவிறுன்னு வெளிய போயிட்டான். செண்பகம் ரூமுக்குள்ள இருக்கா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

வேணும்னேதான் பண்ணுனான். அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. எதுத்தாப்ல நிக்கிறவனோட இடது கை எதுன்னு காலேஜு படிக்கிறவனுக்குத் தெரியாதா? இது ஒரு பெரிய கணக்கா? இப்பம் நீங்க எனக்கு எதுத்தாப்ல இருக்கீங்கன்னு வைங்க. கொஞ்சம் திரும்புங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க. இந்தா, நான் பாட்டுக்குப் பிடிக்கேன், இது உங்க இடது கை. வெளங்குச்சா? என்ன? வலதா? சரி விடுங்க, பஸ்ஸு குலுங்குது.

எனக்குக் கோவம்ங்கிறதே வராது தம்பி. சுபாவம் அப்படி. அன்னைக்கும் கோவப்படல. எல்லாரும் கைய மாத்துங்க, கைய மாத்துங்கன்னாங்க. நான் நிதானமாச் சொன்னேன். கட்டினவன் வந்து மாத்தட்டும். அவ்வளவுதான் சொன்னேன். இதுல தப்பு இருக்கா? அவன் கட்டுனது, அவன் அவுத்து, இந்தக் கையில கட்டட்டும், முடிஞ்சு போச்சு. ஆளு போயி அவன்ட்டச் சொல்லியிருக்காங்க. அவன் மண்டபத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "அத்தானுக்கு என்ன, இன்னொரு கை இல்லையா, அவரே மாத்திக்கிடட்டும்"னானாம். பாத்துக்கிட்டீங்களா, எனக்கு இன்னொரு கை இல்லையாம்.

மறுவீட்டுக்குப் போனோம். அவன் பக்கத்துல வரும்போதெல்லாம் கைய நீட்டுவேன். ஒரு தடவை நீட்டினேன், வெத்தலைய வச்சான். இன்னொரு தடவை நீட்டினேன், பாயசத் தம்ளரக் குடுத்தான். குடிச்சேன். என்ன செய்ய, நல்ல பாயசம்.

தலை தீவாளிக்குப் போனோம். தலையில எண்ணெய் வச்சாச்சு, வெந்நி காயுது. மாமனாரு வந்தாரு, நல்ல மனுசன். "மாப்ள, கைய இப்படிக் குடுங்க, நானே மாத்திவிடுதேன்"னாரு. மாமா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா கட்டினவன் வரணும்லா மாமான்னேன். அடுக்களையிலருந்து பூவநாதன் குரலு. "இத்தனை நாளா வலது கையிலயே கெடக்கு, அவருக்கு அதுதான் வசதி போல, விடுங்கப்பா"ன்னான். எந்திரிச்சுட்டேன். குளிக்கல, வெந்நிய இறக்கக்கூட விடல. எண்ணெய்த் தலையோட பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். கண்டக்டரு, "அண்ணாச்சி, சீட்டுல சாயாதீங்க, எண்ணெய் ஒட்டிரும்"னான். திருநெல்வேலி வரைக்கும் நின்னுட்டே வந்தேன். தீவாளி அன்னைக்கு. செண்பகம் சன்னலப் பாத்துட்டே வந்தா. ரோட்டுல புழுதி, அவளுக்குக் கண்ணு கலங்கிட்டே இருந்துச்சு.

அதோட போக்குவரத்து நின்னுபோச்சு. அவன் ஒரு வார்த்தை, நான் ஒரு வார்த்தை, நடுவுல போயிட்டு வந்தவங்க ஆளுக்கு ரெண்டு வார்த்தை. மாமனாரு தவறுனதுக்குப் போனேன், மாலை போட்டேன், வந்துட்டேன். ரேணுவுக்குக் காது குத்தினோம், தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். செண்பகத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் ஒருத்தரக் கூட்டிட்டு வந்து மடியில உக்கார வச்சோம். அவருக்குச் சர்க்கரை வியாதி, நடுவுல ரெண்டு தடவை எந்திரிச்சுப் போயிட்டு வந்தாரு. புள்ள மூணு மடி மாறுச்சு. செண்பகம் அடுப்படிய விட்டு வெளிய வரல. வெறகு ஈரம், ஒரே பொகை, கண்ணெல்லாம் செவந்து போச்சு. ரேணு சடங்குக்கும் அப்படித்தான். அன்னைக்குக் கேஸ் அடுப்பு. வெங்காயம்னு நெனைக்கேன்.

அவ எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல, அது ஒண்ணு அவகிட்ட நல்ல பழக்கம். ஒரே ஒரு தடவைதான் திருட்டுத்தனம் பண்ணுனா. ஞாயித்துக்கிழமை மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்திருக்கேன். முழிச்சுப் பாத்தா வாட்ச் இடது கையில இருக்கு. பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருக்கா. யாரு மாத்துனதுன்னேன். "நீங்களே தூக்கத்துல மாத்திக்கிட்டீங்க"ங்கா. "அப்படியே இருக்கட்டுமேங்க, நீங்களா மாத்துன மாதிரியும் இல்ல, அவன் மாத்துன மாதிரியும் இல்ல"ங்கா. நல்ல யோசனைதான், இல்லன்னு சொல்லல. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா. திரும்ப வலது கைக்கு மாத்திட்டேன். அவ விசிறியக் கீழ வச்சுட்டுப் போயிட்டா. அதோட எங்க வீட்டுல எனக்கு யாரும் விசிறுனதில்ல. ஃபேன் வாங்கிட்டேன்.

பொண்ணுக்கு இடம் அமைஞ்சுது. நல்ல பையன், அவன் வாட்சே கட்டல, மணி கேட்டா ஃபோனத் தடவுதான், அந்தமட்டும் நிம்மதி. பத்திரிகை அடிக்கணும். ரேணு பேப்பர வச்சுட்டு எழுதுதா. தாய்மாமன் பேரு போடுற எடத்துல அந்த ஒண்ணுவிட்ட அண்ணன் பேரப் போடும்மான்னேன். அவ பேனாவ மூடிட்டு, "மாமா கூட என்னப்பா சண்டை உனக்கு, இன்னைக்காவது சொல்லு"ன்னா. வெளஞ்ச புள்ள, இனி என்ன மறைக்க. வாட்ச் கதைய ஒண்ணு விடாமச் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான். பாயசம், எண்ணெய்த் தலை எல்லாம். சிரிப்பான்னு பாத்தேன்.

சிரிக்கல. என் கையையே பாத்துட்டு இருந்தா. "அப்பம் எனக்கு உறுத்தும்னு இல்லையாப்பா"ன்னா.

அதுவுந்தாம்மா, அதுவும் ஒரு காரணந்தான்னேன்.

"நான் இன்ன வரைக்கும் அதத்தான் நம்பிட்டு இருந்தேன்"னா. பேப்பர மடிச்சு வச்சுட்டு உள்ள போயிட்டா. ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லன்னா.

மறுநாள் செண்பகத்துகிட்ட, கெளம்பு, கோவில்பட்டிக்குப் போயிட்டு வந்துருவோம்னேன். ரேணு சொன்னாளேன்னு ஒண்ணும் இல்ல. அச்சாபீஸ்காரன் அவசரப்படுத்தினான், ஆவணியில முகூர்த்தம் ஜாஸ்தி, முந்திக் குடுத்தாத்தான் ஆச்சுன்னான். அதுக்காகத்தான் போனது. செண்பகம் எதுக்குன்னுகூடக் கேக்கல. நான் சட்டைய மாட்டுறதுக்குள்ள வாசல்ல செருப்பு போட்டு நிக்கா.

இன்னைக்குக் காலையில போனோம். பூவநாதன் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான், வீடு கடைக்குப் பின்னாலயே. பென்சிலா இருந்தவன் ரப்பர் மாதிரி ஆயிட்டான், மண்டையில முடியே இல்ல, மூக்குல கண்ணாடி. செண்பகத்தப் பாத்துட்டு மெசினுக்குள்ள பேப்பர வச்சபடியே நிக்கான். அது பாட்டுக்கு யாரோட ஆதார் அட்டையோ அடிச்சுத் தள்ளுது. இவளும் வாசல்லயே நிக்கா. நான்தான், கரண்டு வீணாப் போகுதுல்லா மாப்ள, மெசின அமத்துன்னேன். இத்தனை வருசம் கழிச்சு நான் அவன்ட்டப் பேசுன மொதப் பேச்சு அதுதான்.

"வாங்க அத்தான்"னான். வாயி வாங்கங்கு, கண்ணு மொதல்ல எங்க போச்சுங்கீங்க? என் கைக்கு. "இன்னுமா அத்தான்"னான்.

தட்ட நீட்டினேன். வெத்தலை, பாக்கு, பழம், பூ. மருமகளுக்குக் கல்யாணம், நீதான் கையப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டு வரணும்னேன். தட்ட வாங்கிச் செண்பகத்துகிட்டக் குடுத்துட்டு, என் முன்னால வந்து நின்னான். நான் ஒண்ணும் கேக்கல தம்பி, சாமி சத்தியமா நான் கைய நீட்டவே இல்ல. அவனாத்தான் என் கையப் பிடிச்சான். கொக்கியக் கழட்டினான். வாரு நாலஞ்சு மாத்தியாச்சு, வாட்ச் அதேதான்லா, அவனுக்கு அடையாளம் தெரிஞ்சுட்டு. வாட்ச் கெடந்த எடம் மட்டும் வெளுத்துப் போயி, வேற யாரோட தோலு மாதிரி இருக்கு. அவன் அதத் தடவிப் பாத்தான். வேட்டி நுனியில வாட்ச் கண்ணாடியத் தொடச்சான், சாவி குடுத்தான்.

"அன்னைக்கு எனக்குப் பயம் அத்தான்"னான். "மண்டபம் நெறைய ஆளு. நீங்க வேற எதுத்தாப்ல மொறைச்ச மாதிரி நின்னீங்க. எந்தக் கைன்னே எனக்குத் தெரியல. அவ்வளவுதான்"னான்.

நான் மொறைக்கல, என் மொகமே அப்படித்தான்னேன். ரெண்டு கையையும் நீட்டினேன். அவன் கண்ணாடிய மேல தூக்கி விட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டு, ரொம்பக் கவனமா, மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கட்டினான். கொக்கிய மாட்டிட்டு, அப்பாடான்னு என்னைப் பாத்தான்.

திரும்பவும் வலது கை.

இந்தா, பாக்கீங்கள்லா. காலைல அவன் கட்டுனதுதான். அவன் பொண்டாட்டி காப்பித் தம்ளரோட வந்தவ பாத்துட்டா, "ஏங்க"ன்னு வாயத் தொறந்தா. செண்பகம் அவ கையப் பிடிச்சு அமுக்குனா. பெறகு ரெண்டு பேரும் என்னையே பாக்காங்க. கட்டினவன் நிக்கான், தப்பாக் கட்டியிருக்கான், ஒரு வார்த்தை சொன்னா மாத்திருவான். நானும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான இத்தனை வருசம் காத்துக்கிடந்தேன்.

கச்சிதமா இருக்கு மாப்ளன்னேன்.

விட்டுக் குடுத்துட்டேன்னு நெனைக்காதீங்க. அவன் வந்து மாத்தணும்னேன், வந்தான், அவுத்தான், கட்டினான். நான் சொன்னபடிதான நடந்திருக்கு. செண்பகம் சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு அடுக்களைக்கு ஓடுனா. அவ சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல, சத்தம் ரெண்டு மாதிரியும் இருந்துச்சு. சாப்பாடு போட்டாங்க. ரசம் ஊத்துனாங்க. அது பாட்டுக்கு வழிஞ்சுது, வழியட்டும்னு விட்டுட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அக்காளும் தம்பியும் பேசிட்டே முன்னால போறாங்க, நான் பின்னால பையத் தூக்கிட்டு வாறேன். அப்பம் ரேணு ஃபோன் அடிச்சா. மாமா வாராங்களான்னா. வாரான், பேரு போடச் சொல்லுன்னேன். "வாட்ச மாத்திக் கட்டிட்டாங்களா"ன்னா. கட்டிட்டான்னேன். "இப்பம் எந்தக் கையிலப்பா இருக்கு"ன்னா.

வலதுலதாம்மான்னேன். ஒன்னப் பிடிச்சுட்டுப் போற கை சும்மா இருக்கட்டும்னு விட்டுட்டேம்மா, மேடைக்கு மாமா ஒரு பக்கம் பிடிச்சா நான் ஒரு பக்கம் பிடிக்கணும்ல, உறுத்துச்சுன்னா என்ன செய்யன்னேன்.

அலோ, அலோங்கேன், கர்ருன்னு மூக்க உறிஞ்சுற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருது. அந்த பஸ் ஸ்டாண்டுல சிக்னல் சரியா கெடைக்காது தம்பி.